ஈர்க்குச்சி டாக்டரும் என் இடது காலும்

வியாதியைவிட வைத்தியருக்கு அதிகம் பயந்த தெரு உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது திருவனந்தபுரம் வலியசாலையில் நாங்கள் இருந்த தெரு. ஜுரம் வந்தால் கஷாயம், பல்வலி வந்தால் கிராம்பு, நெஞ்சை அடைத்தால் பெருங்காயம் போட்ட மோர் என்று சமாளித்துக்கொண்டு, அவர் கண்ணில் படாமலே ஆயுளை ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் லட்சியமாக இருந்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. கிளினிக் வாசல் போர்டில் எழுதியும் இருந்தது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஈர்க்குச்சி டாக்டர் என்றால் ஆட்டோக்காரர் பேசாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இறக்கிவிட்டு, பாவமாக ஒரு பார்வையும் பார்த்துவிட்டுப் போவார்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அவர் எங்கள் தெருமுனைக்கு வந்து சேர்ந்தார். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். ஆள் ஐந்தடிதான் இருப்பார், குரல் மட்டும் ஏழடி. இரண்டு அறை கிளினிக், ஒரு பெஞ்சு, ஒரு முக்காலி, உதவிக்கு ஓமனா என்றொரு சேச்சி. இவ்வளவும் எல்லா டாக்டரிடமும் இருப்பதுதான். இவரிடம் கூடுதலாக ஒன்று இருந்தது. மூலையில் ஒரு புதுத் தென்னந்துடைப்பம். திங்கட்கிழமை காலையில் ஓமனா சேச்சி அதைச் சாலைக் கடைத்தெருவில் வாங்கி வருவாள். சனிக்கிழமைக்குள் அது வழுக்கை விழுந்து நிற்கும். பெருக்கியதால் இல்லை. வருகிற நோயாளி ஒவ்வொருத்தருக்கும் அதிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவுவார் டாக்டர்.

உருவி, நுனியை ஒடித்துச் சீராக்கிக்கொண்டு, "செருப்பக் கழத்தும். கால முக்காலி மேல வையும். கண்ண மூடும்" என்பார். மூட வேண்டும். அவர் உள்ளங்காலில் பத்து இடத்தில் அந்தக் குச்சியால் மெல்லத் தொடுவார். தொடும்போதெல்லாம் நாம் "ஆமா" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆபத்து. தொடாதபோது சொல்லிவிட்டால் அதைவிட ஆபத்து. எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரு தாளக்கணக்கில் "ஆமா, ஆமா" என்று அடித்துவிடப் பார்ப்பார்கள். அதற்காகவே நடுவில் சும்மா நிறுத்துவார் மனுஷர். "இப்ப எங்க ஓய் தொட்டேன்? ஒம்ம கற்பனையிலயா?" என்று ஒரு அதட்டல் வரும். பெஞ்சில் காத்திருக்கிறவர்களில் இரண்டு பேர் எழுந்து மெதுவாக நழுவிவிடுவார்கள்.

என்ன வியாதியோடு போனாலும் இதேதான். சமையல்கார மணி ஒருதரம் காதுவலியோடு போனான்.

"காதுதான் டாக்டர் வலிக்கறது. இந்தக் காது."

"காது நாளைக்குச் செரியாவும். காலக் காட்டும்."

"கால்ல ஒண்ணும் இல்லை டாக்டர்."

"அத ஒமக்க காலு சொல்லட்டும். ராத்திரி எத்தன தவண ஒண்ணுக்குப் போவீரு? பிரதமன் வச்சா எத்தன கிளாஸ் குடிப்பீரு?"

மணி கல்யாணங்களுக்குச் சக்கைப் பிரதமன், அதாவது பலாப்பழப் பாயசம், கிளறுகிறவன். ருசி பார்க்கிறதே நாலு கிளாஸ் வரும். அன்றைக்குக் காதுக்குச் சொட்டு மருந்தும், சர்க்கரைக்கு மாத்திரையும், பிரஷருக்கு மாத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தவன், "ஒத்தைக் காதோட போனேன் மாமா, மூணு வியாதியோட வந்திருக்கேன்" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னான்.

பிரஷர் பார்க்கிறதில் இன்னொரு கஷ்டம். அளவை மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது அவருக்கு. "நூத்தி எண்பது" என்று அவர் அறிவித்தால் தெருக்கோடிக் கோயில் கொடிமரம் வரைக்கும் கேட்கும். ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் தெருவில் இறங்கி நடக்கிற நேரத்தில் பெண்ணின் அப்பாவுடைய பிரஷர் காற்றில் வந்ததாக ஒரு கதை உண்டு. கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் சம்பந்தி வீட்டில் அந்த மனுஷருக்கு யாரும் அப்பளம் போடவில்லை.

இவ்வளவு கெடுபிடியையும் ஏமாற்ற எங்கள் தெருவில் ஒரு வழி வைத்திருந்தோம். வெளியாருக்குத் தெரியாத வழி. சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதானால் துவாதசியன்று காலையில் கொடுக்க வேண்டும். முதல் நாள் ஏகாதசி, பூராவும் பட்டினி. மறுநாள் பாரணை செய்து விரதத்தை முடிப்பதற்கு முன்னால் லேப் வாசலில் வரிசையாக நின்று கையை நீட்டினால், ரிசல்ட் பத்தரைமாற்றுத் தங்கமாக வரும். லேப்காரர் மலையாளி. மாதத்தில் இரண்டு நாள் மட்டும் எங்கள் அக்ரகாரத்துச் சுவாமிமார் ஏன் விடியற்காலையில் வந்து மொய்க்கிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஈர்க்குச்சி டாக்டருக்கும் ஒரு வருஷம் விளங்கவில்லை. பிரதமன் கிளாஸ் கணக்கைப் பார்த்தால் நோயாளி, லேப் சீட்டைப் பார்த்தால் ரிஷி என்றால் எந்த டாக்டருக்குத்தான் மண்டை காயாது?

ஒரு நாள் அவர் மேஜைமேல் பஞ்சாங்கம் வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷர். தெருவுக்கு ஒரே சந்தோஷம். "பாருங்கோ, கடைசியில நாள் நட்சத்திரம் பார்த்து மருந்து குடுக்க ஆரம்பிச்சுட்டார்" என்று பேசிக்கொண்டோம். மறுநாள் மணி தன் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினான். டாக்டர் தேதியைப் பார்த்தார். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். சீட்டை இரண்டாகக் கிழித்தார்.

"இது ஒம்ம ரத்தமில்ல ஓய். ஏகாதசிக்க ரத்தம்."

அன்றிலிருந்து துவாதசிச் சீட்டு செல்லாது. அதோடு விட்டாரா? சந்தேகப்பட்ட ஆளை ஓமனா சேச்சியோடு ஹோட்டலுக்கு அனுப்புவார். அவள் எதிரில் உட்கார்ந்து ஆறு இட்லியையும் சாம்பாரையும் சாப்பிட வைத்து, காவலோடு கூட்டி வந்து, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்த்தி, பிறகுதான் ரத்தம். "ஸாரே, இன்னும் முக்கால் மணிக்கூர் உண்டு, அவிடெயே இரிக்கணும்" என்று அவள் சொல்கிற தோரணையில் நல்ல ஆளுக்கே சர்க்கரை ஏறும்.

இதையெல்லாம் இவ்வளவு வேடிக்கையாகச் சொல்கிறேனே, அந்தக் கிளினிக் வாசலை நான் இரண்டு வருஷம் மிதிக்கவில்லை. ஆபீஸுக்குப் போகிற நேர்வழி அதுதான். நான் பின்சந்து வழியாக, குப்பைத்தொட்டியைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? எனக்கு மடியில் நல்ல கனம் இருந்தது.

என் அப்பாவுக்குக் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண்ணாக ஆரம்பித்தது. பிறகு பாதத்தை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மேல் போர்த்தியிருந்த வேட்டி ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்ததை நான் பார்த்தேன். அதற்கப்புறம் ஐந்து மாதம்தான் இருந்தார். எங்கள் வீட்டில் சர்க்கரை என்ற வார்த்தையைக் காப்பிக்குக்கூடச் சொல்லமாட்டோம், ஜீனி என்போம்.

நாற்பத்தொன்றாவது வயதில் எனக்கு நாக்கு வறள ஆரம்பித்தது. ஆபீஸில் பானைத் தண்ணீர் பூராவும் நானே குடித்தேன். இடுப்பு பெல்ட்டில் இரண்டு புது ஓட்டை போட்டாயிற்று. "ஸ்வாமி ஸ்லிம் ஆயல்லோ, என்ன ரகசியம்?" என்று ஆபீஸில் எல்லாரும் விசாரித்தார்கள். காலையில் வாக்கிங் என்று புளுகினேன். கால் இரண்டிலும் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு வந்தது. சில மாதத்தில் அந்த எறும்பும் போய்விட்டது. குணமாகிவிட்டது என்று நினைத்து மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். முட்டாள்தனத்துக்கு எல்லை இருக்கிறதா பாருங்கள்.

நானும் துவாதசிச் சீட்டு ஒன்று வைத்திருந்தேன். மற்றவர்கள் ஒரு நாள் பட்டினி கிடந்தால் நான் தசமியும் சேர்த்து இரண்டு நாள் கிடந்து எடுத்த சீட்டு. என் மனைவி விசாலம் எப்போதாவது, "ஏன்னா, இப்படி இளைச்சுண்டே போறேளே, ஒருதரம் அவர்கிட்டக் காட்டிண்டா என்ன?" என்று ஆரம்பித்தால் அதை எடுத்து நீட்டுவேன். அவள் அந்த நம்பரைப் பார்த்துச் சமாதானமாவாள். அவளை ஏமாற்றினேன் என்பதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வருஷம் பங்குனி உற்சவத்தில், உடம்பு சரியாக வேண்டும் என்று இருபத்தொரு பிரதட்சிணம் வேண்டிக்கொண்டேன். டாக்டரிடம் போகப் பயந்தவன் பெருமாளிடம் போனேன், அவ்வளவுதான். போன நேரம் உச்சி வெயில். பிராகாரத்துக் கருங்கல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. பெரிய மனிதர்கள் எல்லாம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிழலுக்கு நிழல் தாண்டிக் குதித்தார்கள். நான் மட்டும் கைகூப்பியபடி நிதானமாக நடந்தேன். பத்தாவது சுற்றில் நிழலில் நின்ற மணி வாயைப் பிளந்தான்.

"மாமா, சுடலையா?"

"இல்லையேடா."

"நெஜம்மாவே சுடலையா?"

"வெதுவெதுன்னுகூட இல்லை."

அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். இருபத்தொன்று முடிவதற்குள் பிராகாரத்தில் என்னைப் பார்க்க ஒரு கூட்டம். பகவான் தாங்கறார் என்றார் ஒருவர். இது பூர்வ ஜன்ம பலன் என்றார் இன்னொருவர். ஒரு மாமி தன் பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று என்னிடம் ஆசீர்வாதம் கேட்டாள். நானும் வெட்கமில்லாமல் செய்தேன். வீட்டுக்கு வந்தபோது விசாலத்தின் முகத்தில் கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் கால் கழுவிக்கொண்டு கூடத்தில் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் சிவப்புச் சிமெண்டுத் தரையில், காய்ந்துபோன அடிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஈரமாகவே இருந்தது. மறுபடி நடந்தேன், மறுபடி ஈரம். உட்கார்ந்து இடது காலைத் திருப்பிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே கொப்புளம் கட்டி, அது உடைந்து, தோல் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. உள்ளே சதை தெரிந்தது. விரலால் தொட்டேன். யாரோ ஒருத்தர் காலைத் தொடுகிற மாதிரி இருந்தது.

அப்பாவின் வேட்டி கண்ணுக்குள் வந்து நின்றது. புத்தியுள்ளவன் அந்த நிமிஷமே தெருமுனைக்கு ஓடியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமோ? ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, மேலே சாக்ஸ் மாட்டிக்கொண்டேன். மூன்று நாள், வீட்டுக்குள்ளும் சாக்ஸ். "பக்தி முத்திப்போனா கால்ல குளிர் வருமாக்கும்" என்று விசாலம் வெள்ளையாக நம்பினாள். நான் அந்தச் சாக்ஸைக் கழற்றிப் பார்க்கக்கூடப் பயந்துகொண்டு ராத்திரி பூராவும் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தேன்.

என் புகழ் மட்டும் நிற்காமல் பரவிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பேட்டையான ஸ்ரீவராகம் வரைக்கும் போய்விட்டது. நாலாம் நாள் காலையில் மணி மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போனவன், பேச்சுவாக்கில் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறான். கொதிக்கிற கல்லில் எங்கள் மாமா குளிர்ந்த தரையில் நடப்பதுபோல நடந்தார் என்று. தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்ட சங்கதியைக் கேட்டு டாக்டர் முகம் வெளுத்துவிட்டதாம். கையில் எழுதிக்கொண்டிருந்த சீட்டைப் பாதியில் விட்டு எழுந்தாராம்.

நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். அவர் யார் வீட்டுக்கும் வந்து நாங்கள் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக் கதவு, அதற்கடுத்த வீட்டுக் கதவு எல்லாம் படபடவென்று சாத்திக்கொண்டன. என் வாசலில் டாக்டர் நின்றார், பின்னால் ஓமனா சேச்சி. அவர் கையில் ஒரே ஒரு ஈர்க்குச்சி.

"நீருதானா ஓய் தீ மிதிச்ச மகான்?"

"ஆபீஸுக்கு நேரமாயிடுத்து டாக்டர். சாயங்காலம் நானே வரேன்."

"ரெண்டு வருசமா பின்சந்து வழியாட்டு வந்துட்டேயிருக்கீரு, இன்னும் எனக்கிட்ட வந்து சேரல்ல. இரியும்."

உட்கார்ந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. குப்பைத்தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனதெல்லாம் தெரிந்திருக்கிறது. சாக்ஸைக் கழற்றச் சொன்னார். வலது கால் சாக்ஸை மட்டும் கழற்றினேன். கண்ணை மூடச் சொன்னார், மூடினேன். விசாலம் அடுப்படி நிலைப்படியில் நிற்பது தெரிந்தது, வளையல் சத்தத்தில்.

காத்திருந்தேன். தெருக்காரர்கள் மாதிரித் தாளக்கணக்கெல்லாம் வேண்டாம், தொட்டால் மட்டும் சொல்லுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. இந்த மனுஷர் என்ன யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று எரிச்சல்கூட வந்தது.

"ஆரம்பிக்கலாமே டாக்டர்," என்றேன்.

வளையல் சத்தம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தேன். விசாலம் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் குச்சியை என் உள்ளங்காலில் அழுத்திப் பிடித்திருந்தார். அது வில்லாக வளைந்திருந்தது.

"முடிச்சாச்சு," என்றார்.

என் ஜன்மத்தில் அதைப்போல ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. என் கால் என் கண்ணெதிரில் இருந்தது, அது என்னுடையதாக இல்லை. இடது சாக்ஸை நானே கழற்றவில்லை, ஓமனா சேச்சிதான் கழற்றினாள். பிளாஸ்திரியோடு ஒரு வாடை வந்தது. "எண்டெ பகவதி," என்று மெல்லச் சொல்லிவிட்டு அவள் ஜன்னலைத் திறந்தாள்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. பையிலிருந்து பேனாவை எடுத்து, புண்ணைச் சுற்றிச் சிவந்திருந்த இடத்தின் விளிம்பில் ஒரு கோடு போட்டார். தாலுகா சர்வேயர் எல்லைக்கல் நடுகிற கவனத்தோடு போட்டார். "செகப்பு இந்தக் கோட்டுக்குள்ளேயே நிண்ணா நம்ம பக்கம். தாண்டிச்சுன்னா நாம வேற வழி பாக்கணும்," என்றார். அன்றைக்கு எடுத்த ரத்தத்துக்கு லேப்காரர் இரண்டாம் முறை டெஸ்ட் செய்தார், தன் மெஷின் கெட்டுவிட்டதோ என்று. கெடவில்லை.

இன்சுலின் ஆரம்பமாயிற்று. ஓமனா சேச்சி விசாலத்துக்கு ஒரு கத்தரிக்காயைக் கொடுத்துக் குத்திப் பழகச் சொன்னாள். கத்தரிக்காய்க்குப் பிறகு நான். டாக்டர் காலையும் மாலையும் வீட்டுக்கே வந்து கட்டுப் போட்டார். அதோடு ஒரு குண்டும் போட்டார். இனி நான் வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்க வேண்டும், கூடத்திலும், அடுப்படி வாசலிலும், பூஜை அறைப் பக்கமும்.

விசாலம் ஆசாரக்காரி. கொடியில் உலர்கிற மடிப் புடவைக்குப் பக்கத்தில் காற்றுகூட யோசித்துத்தான் வீசும். "ஆத்துக்குள்ள செருப்பா டாக்டர்? அதெப்படி?" என்றாள்.

"வேண்டாம்னா விட்டிரலாம் அம்மா. நாலு மாசம் களிஞ்சா ஒத்தச் செருப்பு போரும்."

அவள் உள்ளே போனாள். என் புதுச் செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சள் நீர் தெளித்து, கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். அன்றைக்குப் பூராவும் அவள் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் சிவப்பு கோட்டுக்குள் நின்றது. நான் வேறு எதையும் பார்க்கவில்லை. பேப்பர் வந்தது, பிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நீலக் கோட்டையே பார்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு இடத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. சுண்டுவிரல் நுனி கறுத்திருந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார். பிரஷர் நம்பரைக் கொடிமரம் வரைக்கும் கத்துகிற மனுஷர், என் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாறேன்."

அந்தக் குரலைக் கேட்டதும், அவர் ஒரு அதட்டல் போடமாட்டாரா என்று ஏங்கினேன் என்றால் நம்புவீர்களா?

ஆஸ்பத்திரியில் சர்ஜன் வயதில் சின்னவர், பேச்சில் கறார். பாதத்தோடு எடுத்துவிடுவது நல்லது, பிறகு முழங்கால் வரை போகிற கஷ்டம் மிச்சம் என்றார். என் அப்பாவுக்கும் ஒருத்தர் இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார். ஈர்க்குச்சி டாக்டர் என் காலுக்கும் சர்ஜனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். ஐந்தடி மனுஷர் அண்ணாந்து பார்த்துப் பேசினார். "பாதத்துல துடிப்பு இருக்கு. நீங்க தொட்டுப் பாக்கணும். வெரல மட்டும் எடுங்க. சர்க்கரைய நான் இறக்கித் தாறேன். ரெண்டு நாளு தாங்க." சர்ஜன் வேண்டாவெறுப்பாகக் காலைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி தொட்டுப் பார்த்தார். "செரி, ரெண்டு திவசம்," என்றார்.

அந்த இரண்டு நாளும் டாக்டர் கிளினிக்கைத் திறக்கவில்லை. எங்கள் தெரு வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. மூடிய கதவைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டிய ஜனங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அதன் எதிரில் கூடி நின்றார்களாம். மூன்றாம் நாள் காலையில் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சுண்டுவிரல் போயிற்று. பாதம் நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மணி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சொன்னான். வெளியே வந்து கண்ணைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது போர்வையைத்தான். இரண்டு பக்கமும் மேடாக இருந்தது. அழுதுவிட்டேன்.

நடமாட ஆரம்பித்த பிறகு டாக்டர் என்னை விட்டாரா? சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும் என்று உத்தரவு. மாத்திரையை ஏமாற்றுகிறவர்கள், பின்சந்து வழியாகப் போகிறவர்கள் யாராவது பிடிபட்டால், "காட்டும் ஓய்" என்பார். நான் செருப்பைக் கழற்றி ஒன்பது விரலையும் காட்ட வேண்டும். அதைப் பார்த்து வாய் பேசாமல் காலை நீட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆசீர்வாதம் கேட்ட மாமியும் அதில் ஒருத்தி. கொதிக்கிற கல்லில் நடந்து நான் தேடிய புகழைவிட இது உருப்படியான புகழ்தான். ஆனாலும் அவர் கை துடைப்பத்துப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் திக்கென்றுதான் இருக்கும். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, என் காலில் ஏதாவது ஒரு இடம் பேசாதா என்று காத்திருப்பேன். வலது காலில் குதிகால் பக்கம் ஒரு இடம் கொஞ்ச நாளில் பேச ஆரம்பித்தது. நான் "ஆமா" என்றேன். அவர் மறுபடி அங்கேயே தொட்டார். மறுபடி "ஆமா" என்றேன். ஓமனா சேச்சியைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டினார்.

இரண்டாயிரத்துக்கப்புறம் சில வருஷத்தில் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி, தூக்கத்திலேயே. சர்ச்சில் நடந்த அடக்கத்துக்குத் தெரு மொத்தமும் போனது. திரும்பி வந்து, குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அதுவரை சொல்லாத ஒன்றை விசாலம் சொன்னாள்.

என்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு அவள் வராந்தாவில் அவரைத் தேடியிருக்கிறாள். கோடியில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாராம். "ஒண்ணும் ஆகாதே டாக்டர்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாராம், "எனக்கும் பயமாட்டு இருக்கு அம்மா. ரெண்டு வருசம் முந்தியே வீட்டுல வந்து பிடிச்சிருக்கணும் நான். வருவாரு வருவாருன்னு இருந்துட்டேன்." கதவு திறக்கும்வரை இரண்டு பேரும் அந்தப் பெஞ்சின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்களாம்.

எனக்காக அவ்வளவு பயப்பட ஒரு மனுஷர் தெருமுனையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்திருந்தால், நான் முன்னாடியே போய்க் காலை நீட்டியிருப்பேன்.